ஊசிக்கீரை

கோவையில் சர்க்கரை நோயாளிகள் ஊசியை மறந்து பத்து வருடமாகிவிட்டது. காலையில் பால்கனித் தொட்டியிலிருந்து நான்கு இலை பறித்து மென்றால் போதும், இன்சுலின் உடம்பில் சேர்ந்துவிடும். சனங்கள் அதற்கு ஊசிக்கீரை என்று பெயர் வைத்தார்கள். அதை உண்டாக்கிய ஜெசிந்தா மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் அவள் தம்பி சேவியர், காலில் ஆறாத புண்ணோடு, காய்ச்சலில் கிடந்தான்.

டாக்டர் பர்வீன் அவளை வெளியே அழைத்தார்.

"மேடம், வெண்கொல்லியும் கேக்கல. நாலு நாளாப் போட்டுப் பாத்துட்டோம்."

மற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போன பிறகு, இரண்டு வருடம் முன்புதான் அந்தப் பழைய மருந்தைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். அதற்குள்ளாகவா கிருமிகள் பழகிவிட்டன?

"எந்த மரபணு தடுக்குதுன்னு பாத்தீங்களா?"

பர்வீன் கைக்கணினியை நீட்டினார். ஜெசிந்தா நான்கு வரி படித்தாள். மறுபடி முதல் வரிக்குப் போனாள். அது இயற்கையில் உள்ள வரிசை இல்லை. இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகம் வாசிப்பதற்கு ஏற்றபடி, அவளே திருத்தி எழுதியது.

இன்சுலின் மரபணுவைப் பசுங்கணிகத்துக்குள் செலுத்தினால் ஆயிரத்தில் ஒரு செல்தான் ஏற்றுக்கொள்ளும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க, வெண்கொல்லியைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்துக் கோத்து அனுப்புவார்கள். மருந்தை ஊற்றியதும் மற்றதெல்லாம் வெளுத்துச் சாகும். அது மட்டும் பச்சையாக நிற்கும். பிறகு அந்த அடையாள மரபணுவை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு ஆறு மாதம் பிடிக்கும்.

அவள் கீரையை உண்டாக்கிய வருடம் இன்சுலின் எங்குமே கிடைக்கவில்லை. சேவியர் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தான். மனிதருக்கு இப்போது யாரும் தராத மருந்துதானே, மகரந்தம் வழியாகவும் பரவாதே என்று அவள் கீரையை அப்படியே வெளியிட்டாள். வயிற்றிலுள்ள கிருமிக்கு அந்த மரபணு தாவ வாய்ப்பு மிகக் குறைவு என்று அறிக்கையில் எழுதினாள். குறைவுதான். ஆனால் கோடிப் பேர் பத்து வருடம் தினமும் தின்றார்கள்.

அன்று மாலை சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த ஆறு மாசம் நான் பொறுத்திருக்கோணும்டா."

"பொறுத்திருந்தா அப்பவே என்னைப் பொதைச்சிருப்பீங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். "என் கல்யாணம், பாப்பா பொறந்தது, எல்லாம் நீ குடுத்த பத்து வருசத்துலதானக்கா?"

"மத்தவங்களுக்கு என்னடா சொல்றது?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை கொதித்தது.

மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் உண்மையைப் பகிரங்கமாக அறிவித்தாள். அடையாள மரபணு இல்லாத கீரையை உருவாக்கத் தொடங்கிவிட்டதாகவும், கைக்கு வர ஆறு மாதம் ஆகும் என்றும் சொன்னாள். சனங்கள் வந்து கல்லெறிவார்கள் என்று காத்திருந்தாள். சிலர் திட்டினார்கள், அவ்வளவுதான். இன்சுலின் ஆலைகளை மூடி எட்டு வருடமாகியிருந்தது. யாராலும் தொட்டிச் செடியைப் பிடுங்கிப் போட முடியவில்லை.

ஒரு நாள் காலை பல்லடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் மகளுக்கு ஏழு வயது.

"ஏனுங்க மேடம், மரபணுவெல்லாம் எனக்குப் புரியலைங்க. மணி எட்டாச்சு. புள்ளை சாப்பிடாம உக்காந்திருக்குது. இன்னைக்கு இலையைக் குடுக்கட்டுங்களா, வேண்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"உடம்புல புண்ணு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"முட்டியில லேசாச் சிராய்ப்புங்க. நேத்து வெளையாடறப்ப விழுந்துட்டா."

மறுமுனையில் ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுவது கேட்டது.

"குடுங்க," என்றாள் ஜெசிந்தா.