ஆறு மணிக்கு வெளியேறியவர்

கங்கை ஜாத்திரை விடுமுறை முடிந்த காலை. சித்தூருக்கு வெளியே இருந்த அந்த மாங்கூழ் ஆலைக்கு வேலையாட்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. இருந்தும் வருகைப்பதிவு பார்க்கும் கௌசிகாவின் கணினியில் செல்லாத பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

பாகாலா ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்கள் கடுத்தன. அழுகிய மாம்பழ வாடையும் பினாயில் வாடையும் ஜன்னல் வழியே வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, அவள் சலிப்போடு திரையைப் பார்த்தாள். எல்லாம் ஒரே ஆளின் விரல்ரேகை. குளிர்கிடங்கின் உள்பக்கக் கருவியில் வைத்தது. ஏற்கெனவே வெளியேறியவர் என்று சொல்லி நிரல் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டிருந்தது.

தனசேகர்.

சனிக்கிழமை அவன் கிடங்குக்குள் போன பதிவு இருந்தது, வெளியே வந்த பதிவு இல்லை. பாதிப் பேர் விரல் வைக்க மறந்துவிட்டுப் போகிறவர்கள்தான், யாரைத் தேடிப் போய்க் கேட்பது? அரைகுறையாக நிற்கும் பதிவுகளுக்கெல்லாம் 'ஆறு மணி, வெளியே' என்று போட்டு முடித்துவிடுவது அவள் வழக்கம். அன்றும் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள். உள்ளே யாருமில்லை என்று கணக்கு காட்டியதும் கிடங்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியேறியதாகப் பதிவான விரலுக்கு உள்ளிருந்து கதவு திறக்காது.

தொலைபேசி அடித்தது. தனசேகரின் மனைவி பொன்னியம்மா.

"கௌசிகா, சனிக்கெழம வேலைக்கு வந்த மனுசன் இன்னும் வூட்டுக்கு வரலம்மா. நீ எங்கனா பாத்தியா?"

"ஆறு மணிக்கே வெளிய பூட்டாருக்கா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் திரையை மறுபடி பார்த்தாள்; தொலைபேசியை வைத்துவிட்டுக் கிடங்குக்கு ஓடினாள்.

கிடங்கு வாசலில் காவலாளி சிட்டிபாபு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "லோபல எவரூ லேரம்மா. உள்ள ஆளே இல்ல, ஜீரோனு காட்டிக்கினு கீது பாரு."

"தெறங்கண்ணா."

சாவி திரும்பியது. வெண்புகையாகக் குளிர் வந்து முகத்தில் அடித்தது. உள்ளே கூழ் டிரம்களுக்கு நடுவே, இரண்டு கைகளையும் அக்குளில் திணித்தபடி, சுருண்டு கிடந்தான் தனசேகர். இமைகளில் பனி. சிட்டிபாபு தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

நான்தான். என் ஒரு வரிதான் இவனைக் கொன்றது. அவள் உள்ளே போய் அவனருகே குனிந்தாள்.

பீப்.

திரும்பினாள். கதவு விரியத் திறந்திருந்தது. உள்பக்கக் கருவியில் சிவப்பு விளக்கு. முன்னால் யாருமில்லை. விரல் வைக்கும் அதன் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அதில் ஒரு விரலளவு மட்டும் மெல்லக் கரைந்தது.

பீப். சிவப்பு.

மறுபடியும் விரலளவு. இம்முறை இன்னும் அழுத்தமாக.