இரண்டாவது படிக்கட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். பழைய வீட்டைக் கட்டட பிளான் போடும் ஆபீஸாக்கியிருந்தார்கள். அந்த அறையில் ஜன்னல் இருந்தும் வெளிச்சம் மேஜைவரை வராது. கம்ப்யூட்டர் புத்தம் புதுசு, நாற்காலி மட்டும் பழசு. அதன் கைப்பிடியில் பெப்பர்மின்ட் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது உனக்கு முன்னாடி இங்க பிளான் போட்ட பெரியவர் நாற்காலி," என்றார் கணக்கு பார்க்கும் அக்கா. "அவர் போட்ட பிளான்ல ஒரு கோட்டைக்கூட யாரையும் தொட விடமாட்டாரு. லேடீஸ் ஹாஸ்டலுக்கு இன்னொரு படிக்கட்டு வேணும்னு முதலாளி சொன்னாரு. முடியாதுன்னு மல்லுக்கு நின்னாரு. அந்தச் சண்டையிலேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, இதே நாற்காலியில போய்ட்டாரு."

அந்த ஹாஸ்டல் பிளானை முடிப்பதுதான் என் வேலை. நான்கு மாடிக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு. தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் மேலேயே இருக்க வேண்டியதுதான். அங்கே மேல்மாடியில் தங்கப் போகிறவள் என் தங்கை.

பெரியவரின் ஃபைல் வரையும் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனில் இருந்தது. அதைப் புதியதில் திறந்து, பின்பக்கம் இரண்டாவது படிக்கட்டை வரைந்தேன். சைட் இன்ஜினியரிடம் பழைய வெர்ஷன்தான் இருந்ததால் மறுபடி அதற்கே மாற்றி அனுப்பினேன்.

"மேடம், படிக்கட்டே இல்லையே?" என்று போன் செய்தார்.

அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். நான் வரைந்த இடத்தில் சுவர் இருந்தது.

"வெர்ஷன் பிரச்சினைம்மா," என்றார் முதலாளி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃபைலைச் சுத்தம் செய்தேன், லேயரை மாற்றினேன், வேறு ஃபார்மட்டில் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் படிக்கட்டு காணாமல் போனது. கடைசியில் எரிச்சலில், அதன் பக்கத்திலேயே ஒரு வட்டம் போட்டுப் பழைய வெர்ஷனுக்கு மாற்றிப் பார்த்தேன். வட்டம் பத்திரமாக இருந்தது. படிக்கட்டு இல்லை.

வட்டத்தை விட்டுவிட்டுப் படிக்கட்டை மட்டும் தின்கிற வெர்ஷன் எங்காவது உண்டா?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மறுபடி வரைந்தேன். பெப்பர்மின்ட் வாசனை கூடிக்கொண்டே வந்தது. பிடரியில் யாருடைய மூச்சோ பட்டது.

மௌஸிலிருந்து கையை எடுத்தேன்.

அம்புக்குறி தானாக நகர்ந்தது.

கீழ்ப்படி அழிந்தது.

அடுத்தது.

அதற்கடுத்தது.

"ஒரே படிக்கட்டு போதும்மா," என்று காதருகே ஒரு கிசுகிசுப்பு.

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"உங்களுக்குப் போதும் சார். நீங்க போய்ச் சேர்ந்தாச்சு. என் தங்கச்சி இனிமேதான் வாழணும்."

அவருடைய ஃபைலை மூடினேன். வெறும் ஃபைல் ஒன்றைத் திறந்து, முதல் சுவரிலிருந்து எல்லாவற்றையும் நானே வரைய ஆரம்பித்தேன். அவர் போட்ட ஒரு கோட்டைக்கூடக் காப்பி செய்யவில்லை. மௌஸ் சில்லிட்டது. நாற்காலி என்னோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தது. எழுந்து அதை எட்டி உதைத்தேன்.

"வேணும்னா நீங்களே உட்காருங்க."

கிரீச்.

திரும்பிப் பார்க்கவில்லை. நின்றுகொண்டே வரைந்து முடித்து அனுப்பினேன்.

"இப்போ வந்துடுச்சு மேடம்," என்றார் இன்ஜினியர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டடம் முடிந்து தங்கை குடிவந்த அன்று, நேராக மேல்மாடிக்குப் போய் இரண்டாவது படிக்கட்டுக்கான பின்கதவைத் தள்ளினேன். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. ஆனாலும் அசையவில்லை. அந்தப் பக்கம் யாரோ முதுகு கொடுத்து நிற்கிற கனம். இடுக்கு வழியாகப் பெப்பர்மின்ட் வாசனை.

"சிக்கிக்கிச்சாக்கா?" என்றாள் தங்கை.

"இல்லடி. ஒரு பிடிவாதக்காரர் நிக்கிறாரு. வா, தோளைக் கொடு."

இருவரும் சேர்ந்து தள்ளினோம். கதவு திறந்தது. வெளியே படிக்கட்டில் யாரும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் அதை ஒருமுறை தள்ளித் திறந்துவிட்டுத்தான் தங்கை வேலைக்குப் போகிறாள். நேற்று போன் செய்தாள்.

"இன்னிக்கு ஆறு பேரு சேர்ந்து தள்ள வேண்டியதாப் போச்சுக்கா."

"திறந்துச்சா?"

"திறக்காம விடுவோமா?"