ஒரு கல்லு உப்பு

முத்தலிப் காலையில் முகம் கழுவுவதற்கு முன்னரே உப்புச் சட்டியைத்தான் பார்ப்பார். அன்றும் குசினிக்குள் குனிந்து நுழைந்து, சட்டியின் மூடியைத் தூக்கியவர் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நுஸ்ரத்! இஞ்ச வா!"

முதல்நாள் அவர் சட்டியின் உட்பக்கத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். உப்பு அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே கிடந்தது. நடுவில் ஒரு குழி. யாரோ கைநிறைய அள்ளியதுபோல நாலு விரலும் பதிந்த குழி!

"குடுத்தியா?"

"அல்லாஹ் காவல்... என்ட கையால ஒரு கல்லும் போகல்ல!"

"அப்ப உப்புக்குக் கால் மொளச்சிரிக்கா?"

அந்த வீட்டில் இரண்டே பேர். உப்பை அள்ளியது அவளில்லை. அவர் அள்ளியிருக்க வழியே இல்லை. கல்முனைச் சந்தையில் அரிசிக்கடை வைத்திருந்து, முன்னறை முழுக்க அரிசி மூட்டை அடுக்கியிருந்தும், சோறு ஒரு கொதி வந்தவுடன் விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து மிச்சம் பிடிக்கிற மனிதர் அவர். ஒருமுறை ஊற்றிய தேயிலையை வெயிலில் காயவைத்துத் திரும்பவும் ஊற்றச் சொல்வார். பிள்ளையில்லாத குறையைக்கூட அவர் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. அதுவும் ஒரு செலவு மிச்சம்தானே!

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. கிணற்றின் அந்தப் பக்கத்தில் வாளி விழுகிற சத்தம். தொம் என்று ஒருதரம். சற்று ஓய்ந்து, இன்னொருதரம். பிறகு கயிறு இழுபடும் கிறீச்சல்...

"என்னத்தக் காது குடுத்துக் கேக்காய்?" என்றார் முத்தலிப்.

"உங்களுக்குக் கேக்கல்லயா?"

"எனக்கொண்டும் கேக்கல்ல. என்ட வார்த்த ஞாபகம் இரிக்கட்டும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். போகும்போது அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. தினமும் காலையில் குடுத்தியா, குடுத்தியா என்று கேட்கிற மனிதர், அவள் ஓம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்லுக்குத்தான் அப்படி நடுங்கினார்.

காரணம் அந்த வார்த்தைதான். நுஸ்ரத்தின் உம்மா தன் இரண்டு பெண்மக்களுக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் சீதன வீடு கட்டிக் கொடுத்தவர். மூத்தவள் நுஸ்ரத்துக்கு ஒன்று, இளையவள் ஸப்னாவுக்கு ஒன்று. நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. உம்மா மவுத்தாகிக் கண்மூடிச் சில வருடங்களில், ஒருநாள் ஸப்னா கிணற்றடியில் நின்று ராத்தாவிடம் ஒரு பிடி உப்புக் கேட்டாள். நுஸ்ரத் அள்ளிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து முத்தலிப் வந்துவிட்டார். வந்தவர் ஸப்னாவின் கையைப் பிரித்து, அந்த உப்பைத் திரும்ப வாங்கிச் சட்டிக்குள் கொட்டினார். அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். கோபத்தில் ஸப்னாவின் முன்னாலேயே அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டார்!

"இந்த வீட்டு உப்பு ஒரு கல்லு அந்தப் பக்கம் போனாலும் நீ எனக்குத் தலாக்!"

அடுத்த வாரமே கிணற்றின் வாய்க்குக் குறுக்கே பீம் போட்டு, அதன்மேல் ஆளுயர மதில் எழுப்பினார். கிணறு இரண்டாகிப் போனது. கீழே தண்ணீர் மட்டும் ஒன்றாகக் கிடந்தது.

அன்றிலிருந்து ஸப்னா எதுவும் கேட்டதில்லை. ராத்தாவின் வாழ்வு தன்னால் முறியக் கூடாதென்று மதில் பக்கம் வருவதையே விட்டாள். நுஸ்ரத்தும் போனதில்லை. ஸப்னாவின் புருசன் கடலில் மவுத்தாகி மையித்து வீட்டுக்கு வந்த அன்று மட்டும்தான் போனாள். போகுமுன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், முந்தானையை உதறினாள். அங்கே போய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். முத்தலிப்பின் கஞ்சத்தனம் பெண்சாதிக்கும் ஒட்டிவிட்டது என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெயில் ஏறிய பிறகு கேசினி வந்தாள். பெரியநீலாவணையிலிருந்து மீன்கூடையோடு தெருத்தெருவாக வருகிறவள். முத்தலிப் வீட்டில் மீன் விற்காதென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்று கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசல் கடப்படியில் நின்றாள்.

"அக்கா, உங்கட தங்கச்சிக்கு ஏலாமக் கிடக்கு. காய்ச்சல் விட்டும் ஆள் எழும்புதில்ல. அக்கம்பக்கத்தில சோறு கொண்டு வந்து குடுத்தாலும் வாயில வைக்கிறாவில்ல. ராத்தாட கையால ஒரு வாய் கஞ்சி எண்டு மட்டும் சொல்லிச் சொல்லிக் கிடக்கிறா..."

நுஸ்ரத் கடப்படிக்கு ஓடி வந்தாள். "அப்பிடி ஏலாதவளென்டா காலையில கிணத்தடிக்கு எப்பிடிப் புள்ள வாறாள்? ஒவ்வொரு நாளும் வாளி போடுற சத்தம் கேக்குதே!"

கேசினி அவளை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "கிணத்தடிக்கா? அவ படுக்கையால எழும்பி எத்தின கிழமையாச்சுது! அங்க வாளியும் இல்ல, கயிறும் இல்லக்கா."

அவள் போனபின் நுஸ்ரத் கிணற்றடிக்குப் போனாள். உடுப்புத் துவைக்கிற கல்லின்மேல் ஏறி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கப்பி துருப்பிடித்து, அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கயிறில்லை. வாளியில்லை. ஆனால் கிணற்றுக்கட்டு நனைந்திருந்தது! அங்கிருந்து ஸப்னாவின் பின்கதவு வரைக்கும் சிமெந்துத் தரையில் ஈரக் கால்தடங்கள் போயிருந்தன. வெறுங்கால். சின்னக் கால். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்தன.

கல்லிலிருந்து இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அடுப்பை மூட்டினாள். மூட்டையைப் பிரித்து நல்ல அரிசியாக அள்ளினாள். கஞ்சி குழைந்து வந்ததும் உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள். அந்தக் குழிக்குள் அவளுடைய விரல்கள் போய் அப்படியே பொருந்தின. பிஸ்மி சொல்லி அள்ளிப் போட்டாள்.

மத்தியான லுஹர் பாங்கு சொல்லும் நேரம், கஞ்சிப் பானையைச் சீலைத் துணியில் பிடித்துக்கொண்டு கடப்பைத் தாண்டியபோது முத்தலிப் எதிரே வந்தார்.

"எங்க போறாய்?"

"ஸப்னாக்குக் கஞ்சி கொண்டு போறன்."

"உப்புப் போட்டியா?"

"போட்டன்."

அவருடைய முகம் வெளிறிப் போனது. சைக்கிள் கைநழுவிச் சாய்ந்தது. "நுஸ்ரத்... பைத்தியமா உனக்கு? வார்த்த விழுந்திரும் புள்ள! அரிசி போனாப் போகட்டும்... உப்பில்லாமக் காச்சிக் கொண்டு போவன்!"

இத்தனை வருட வாழ்க்கையில் அரிசி போனால் போகட்டும் என்று அவர் சொன்னது அதுதான் முதல்தடவை. நுஸ்ரத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"சாகக் கிடக்கிறவ என்ட கையால ஒரு வாய் கேக்காள். உப்புச் சப்பில்லாமயா குடுக்கச் சொல்லுறீங்க? நான் உங்களுக்காக என்ட கூடப்பொறந்தவள உசிரோட மண்ணுக்குள்ள வெச்சிட்டு இரிந்தன். போதும்! வார்த்த விழுந்தா விழட்டும்!"

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஸப்னாவின் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. பாயில் கிடந்தவள் தங்கைதானா என்று அடையாளம் பிடிக்கவே ஒரு கணம் ஆனது. நுஸ்ரத் அவளை மடியில் சாய்த்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். ஸப்னா விழுங்கினாள். இரண்டாவது வாய்க்கும் வாயைத் திறந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இவ்வளவு நாளும் ஏன் ராத்தா என்னோட கதைக்காமப் போனாய்?"

"நான் வந்தாத்தானே கதைக்க..."

"என்ட மனிசன்ட மையித்தத் தூக்கக்குள்ள ஊரே அழுதிச்சி. நீ மட்டும் மரம் மாதிரி நிண்டாய். கண்ணீருலயுமா ராத்தா கஞ்சத்தனம்? அதத்தான் என்னால மறக்கேலாமக் கிடந்த..."

நுஸ்ரத் கரண்டியைக் கீழே வைத்தாள். "கண்ணீரும் உப்புத்தானேடி! அந்த வீட்டு உப்பத் திண்டு ஊறின கண்ணீரு. ஒரு சொட்டு உன்ட நிலத்துல விழுந்தாலும் வார்த்த பலிச்சிருமோ என்டு பயந்தன். பல்லக் கடிச்சி அடக்கிக்கொண்டு நிண்டனடி... நெஞ்சு வெடிச்சிப் போச்சி எனக்கு!"

"அல்லாஹ்வே! அதுக்கா!" என்று கத்திய ஸப்னா, இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி எழுந்து ராத்தாவைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் அழுதார்கள். அன்று மையித்து வீட்டில் அழாத அழுகையையும் சேர்த்து நுஸ்ரத் அழுதாள்.

அழுது ஓய்ந்தபின் ஸப்னா சொன்னாள். "ஆனா உன்னக் குற சொல்லேலா. காலையில காலையில நீதானே வந்து தண்ணி அள்ளி வெச்சிட்டுப் போறாய். உம்மா அள்ளுற மாதிரியே வாளிய ரெண்டுதரம் போடுவாய். எழும்பி உன்ட முகத்தப் பாக்கத்தான் ஏலாது. அந்தத் தண்ணிதான் ராத்தா இத்தின நாளும் என்ட உசிரப் புடிச்சி வெச்சிரிந்தது."

நுஸ்ரத் திரும்பிப் பார்த்தாள். பின்கதவருகே மண்குடம் ஒன்று விளிம்புவரை தளும்பி நின்றது. போய்க் கையில் அள்ளி வாயில் வைத்தாள்.

தண்ணீர் உப்புக் கரித்தது.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒருநாளும் கரித்ததில்லை. இது கிணற்று உப்பல்ல. நுஸ்ரத் அந்த ஈரக் கையைப் பார்த்தாள். அவளுடைய வீட்டு உப்பு எத்தனையோ நாளாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் பயந்து காத்த அந்த வார்த்தை எப்போதோ விழுந்து முடிந்துவிட்டது. அவள் மீறுவதற்கு முன்னரே அவளுக்காக யாரோ மீறியிருக்கிறார்கள். அது யாரென்று அவளுக்குத் தெரியும். தங்கையிடம் சொல்லவில்லை.

அன்றிரவு நுஸ்ரத் தங்கையோடேயே தங்கிவிட்டாள். அடுத்தநாள் காலையில் முத்தலிப், மீராமுகைதீன் மௌலவியைக் கூட்டிக்கொண்டு ஸப்னாவின் வாசலுக்கு வந்தார். மௌலவி நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார்.

"முத்தலிப் காக்கா, அந்த நேரம் பெண்சாதிய விடுற எண்ணத்துல, நெய்யத்துல சொன்னீங்களா, பயங்காட்டி வெருட்டச் சொன்னீங்களா?"

"வெருட்டத்தான் மௌலவி! அல்லாஹ் றப்பு அறிய வெருட்டத்தான்!"

"அப்பிடியென்டா அது சத்தியம் முறிச்ச மாதிரித்தான், பரிகாரம் குடுத்தாப் போதும் என்டு சொல்லுற, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் இரிக்காங்க. பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு குடுங்க. குடும்பத்தக் காப்பாத்திக்கலாம்."

சரி என்ற சொல் முத்தலிப்பின் தொண்டை வரைக்கும் வந்தது. நுஸ்ரத்தும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவர் சரியென்று சொன்னால் போதும், அவரோடு வீட்டுக்குப் போய்விடுவோம் என்றுதான் அவளுடைய மனமும் சொன்னது. எத்தனை வருடத்துப் பழக்கம்!

"பத்துப் பேருக்கா..." என்று இழுத்தார் முத்தலிப். "மூணு நோன்பு புடிச்சாச் சரிவராதா மௌலவி?"

மௌலவி மறுத்துத் தலையாட்டினார். "அது ஒண்டுமே இல்லாதவனுக்குள்ள சட்டம் காக்கா. உங்கட முன்னறையில மூட்ட மூட்டயா அரிசி கெடக்கு."

"கொஞ்சம் யோசிக்க வேணும்" என்றபடி முத்தலிப் பக்கத்து வீட்டுக்குள் போனார். மூட்டைகளுக்கு நடுவில் அவர் என்ன யோசித்தாரோ யாருக்குத் தெரியும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்தபோது ஒரு தோளில் உடுப்புப் பை, மற்றக் கையில் உப்புச் சட்டி.

"வீடு உன்ட சீதனம். நான் கேக்கல்ல. மூட்டயெல்லாம் ஏத்த லொறி வரும்" என்றார் நுஸ்ரத்தைப் பார்க்காமல். "உப்பு என்ட காசுல வாங்கின."

அப்போது கிணற்றுக்குள் வாளி விழுந்தது. தொம் என்று ஒருதரம். சற்று ஓய்ந்து, இன்னொருதரம். இந்தமுறை முத்தலிப்புக்கும் கேட்டது. நுஸ்ரத்தைப் பார்த்தார், அவளுடைய தோளில் சாய்ந்து நின்ற ஸப்னாவைப் பார்த்தார், மௌலவியைப் பார்த்தார். எல்லோரும் கண்முன்னால்தான் நின்றார்கள். கிணற்றடியில் கயிறு கிறீச்சிட்டது. முத்தலிப் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடுகிடுவென்று தெருவில் இறங்கினார்.

நுஸ்ரத் தன் வீட்டுக் குசினிக்குள் ஓடிப் போய் ஓடி வந்தாள்.

"இஞ்சப் பாருங்க! நில்லுங்க!"

அவர் நின்றார். திரும்பிய முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடப் பார்த்தார்.

அவள் அவரருகே போய்க் கையை நீட்டினாள். "மூடிய விட்டுட்டுப் போறீங்க. மழை வருது... உப்புக் கரஞ்சிரும்."

முத்தலிப் மூடியை வாங்கி, சட்டியை மூடிக்கொண்டு நடந்தார்.