பன்னிரண்டு மணிக்கு எழுந்தவள்

“உங்களால என் பரீட்சையே போச்சு!”

பள்ளிக்கூட வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஹில்டா திடுக்கிட்டுத் திரும்பினாள். பங்குனியில் யாரும் எதிர்பாராத மழை... அதில் தலை முழுக்க நனைந்து, கண் சிவந்து ஓர் இளைஞன். அவளுக்குப் பின் பெஞ்சில் இருந்து எழுதியவன். ராஜதுரை என்று பெயர் வாசித்தபோது கேட்ட ஞாபகம்.

“நான் என்ன செஞ்சேன்?”

“மணி அடிச்சதும் எதுக்கு எழும்புனிய? நேரம் முடிஞ்சிட்டுன்னு பேப்பரக் கட்டிக் கொடுத்துட்டேன். திருப்பிக் கேட்டா சார் தரமாட்டேங்காரு!”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நண்பகலில் மாதா கோவில் மணி கேட்டால், எங்கே இருந்தாலும் எழுந்து திரிகால செபம் சொல்வது கடற்கரைக்காரர் வழக்கம். மீன் விலை பேசுகிறவள்கூடப் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவாள். பரீட்சை எழுதும்போதும் அவள் கால்கள் தாமாக எழுந்துவிட்டன.

“அது செபத்துக்கு அடிக்கிற கோயில் மணி...”

“எங்க ஊரு ஏரல்ல மணி அடிச்சா பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு அர்த்தம்!”

சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள்.

“அதுவரைக்கும் எத்தனை கேள்வி எழுதுனிய?”

“...ரெண்டு.”

“ஆறுல ரெண்டா!”

“கட்டுரை நல்லா வந்துச்சு. எட்டுப் பக்கம்...”

“அப்ப மணி உங்களக் கெடுக்கல, கட்டுரைதான் கெடுத்துச்சு. நாளைக்கு இங்கிலீஷ் ரெண்டாம் தாள். ரெண்டும் சேத்துத்தான மார்க்? முதல்ல எல்லாக் கேள்வியையும் வாசிங்க. எதுக்கு எவ்வளவு நேரம்னு பிரிச்சுக்கிடுங்க. சின்னத முடிச்சிட்டுப் பெருசுக்குப் போங்க...”

“உங்ககிட்ட டியூஷன் படிக்க வரல!”

விருட்டென்று மழையில் இறங்கியவன் திரும்பினான். குரல் தணிந்திருந்தது.

“இது ரெண்டாவது தடவ. இதுலயும் தவறுனா, அப்பா கொழும்புக் கடைக்குக் கப்பல் ஏத்திருவாவ.”

கோபத்துக்கு அடியில் அந்தக் கண்களில் இருந்த பயம்... அன்றிரவு அவளைப் படிக்கவிடவில்லை.

மறுநாள் அவன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. வினாத்தாள் வந்தது. அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். பின்னால் பேனாச் சத்தமே இல்லை. என்ன செய்கிறான்? எழுதவே மாட்டானா...? வெகுநேரம் கழித்துத்தான் நிப்பு கீறத் தொடங்கியது. கட்டுரையா? மறுபடியும் கட்டுரையா? திரும்பிப் பார்த்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நண்பகல் நெருங்க நெருங்க அவள் காது கோவில் பக்கமே இருந்தது.

மணி அடித்தது.

அவள் எழவில்லை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் செபித்தாள். மாதாவே, இன்று ஒருநாள் மன்னியும்...

பின்னால் பேனா நின்றது.

மணி ஓய்ந்தும் சத்தமில்லை. எழுந்துவிட்டானா? காகிதத்தைக் கட்டுகிறானா? பிறகு... மெதுவாக, நிப்பு மறுபடி கீறியது. அவள் மூச்சு விட்டாள்.

கடைசி மணிக்குப் பிறகு வாசலில் அவன் காத்திருந்தான்.

“நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் முதல்ல வாசிச்சேன். ஆறும் எழுதியாச்சு. கட்டுரை ரெண்டே பக்கம்!”

“பெறகு கோயில் மணி அடிச்சதும் ஏன் நிறுத்துனிய?”

“நீங்க எழும்புறதுக்குள்ள நாலு கேள்வி முடிக்கணும்னு கணக்கு வச்சிருந்தேன். நீங்க எழும்பல. உடம்புக்கு முடியலையோன்னு... கை ஓடல.”

“நான் எழும்புனா நீங்க பேப்பரக் கட்டிருவியளோன்னுதான்...”

சொல்லி முடிக்குமுன் அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்காகச் செபத்தையே உட்கார்ந்து சொன்னாளா? அவன் நம்பமுடியாமல் அவளைப் பார்த்தான்.

“நேத்து விட்ட நாலு கேள்விய இன்னைக்கு எழுதுனது ஈடுகட்டுமான்னு தெரியல” என்றான் கடைசியில். “தேறுனா இங்கனயே துறைமுகத்துல வேலை தேடுவேன். உங்க அப்பாவப் பாக்க வருவேன். ஆனா... சாமியும் வேற, சாதியும் வேற. தவறிட்டா எந்த முகத்தோட வருவேன்? இப்பவே ஒண்ணும் சொல்லாதிய. ரிசல்ட் வரட்டும்.”

ஹில்டா அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“ரிசல்ட் எதுக்கு? தவறுனா... கப்பலுக்கு ரெண்டு டிக்கெட்டா எடுங்க.”