கோட்டை மணலில் ஒரு புன்னை

கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு கிளம்பிய மேக்னா, கடப்பாக்கத்தில் ஃபக்ருன்னிசாவின் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இருவரும் செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் டீச்சர்கள். புருஷனைப் பற்றிக் கேட்டதற்கு மேக்னா, வகுப்பில் நடத்திய கிரேக்கக் கதையைத்தான் சொன்னாள். துரத்தி வந்தவனுக்குப் பயந்து ஓடிய பெண், அவன் கை படும் நேரத்தில் மரமாகிவிட்டாளாம்.

"அவளுக்கு வலிச்சிருக்குமா மிஸ்னு ஒரு பொண்ணு கேட்டா, அக்கா."

நாலாம் நாள் மதியம் வாசலில் கார் வந்து நின்றது. ஹரிசங்கர் செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத் தண்ணீர் கேட்டான். உங்கள் மனைவி இங்கே வரவில்லை என்றாள் ஃபக்ருன்னிசா. அந்த நேரம் பார்த்துப் பின்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு ஓடினான்.

ஃபக்ருன்னிசாவும் பின்னாலேயே ஓடினாள். வீட்டுக்குப் பின்னால், இடிந்த கோட்டைச் சுவருக்கு அப்பால் வெறும் மணல். மேக்னாவின் காலடித் தடங்கள் நேராகப் போய், ஒரு புன்னை மரத்தடியில் நின்றிருந்தன.

நேற்று வரை அங்கே மரம் கிடையாது.

காற்றே இல்லை. இலைகள் மட்டும் நடுங்கின. பூ வாசனைக்குள் வியர்வை வாடை கலந்திருந்தது. ஹரிசங்கர் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தான். ஆத்திரத்தில் எட்டி ஒரு கிளையை முறித்தான்.

முறிந்த இடம் சிவப்பாகக் கசிந்தது.

"விடுங்க."

குரல் மரத்துக்குள்ளிருந்து வந்தது.

பயந்து ஓடிவிடுவான் என்று ஃபக்ருன்னிசா நினைத்தாள். அவன் ஓடவில்லை. அடிமரத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டையில் வாயை வைத்துக் கிசுகிசுத்தான்.

"நீ எங்க போனாலும் விடமாட்டேன்."

ஃபக்ருன்னிசாதான் ஓடினாள். போலீசோடு திரும்பி வந்தபோது அங்கே யாரும் இல்லை. இருவரையும் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். புன்னையின் அடிமரத்தில் கை பருமனுக்கு ஒரு கொடி சுற்றியிருந்ததை அவள் மட்டும்தான் உற்றுப் பார்த்தாள்.

விடிந்ததும் அரிவாளோடு போனாள். கொடியை வேரோடு வெட்டி, துண்டு துண்டாகக் கடலில் எறிந்தாள். மரம் மெல்லப் பெருமூச்சு விட்டது போலிருந்தது.

மறுநாள் காலையில் கொடி திரும்ப ஏறியிருந்தது.

ஒரு சுற்று கூடுதலாக.