இடப்பக்கக் கைகாட்டி

வயரைப் பிடுங்கிப் போட்ட பிறகும் இடப்பக்கக் கைகாட்டி எழும்பியது.

மர்சூக் காரை நிறுத்தவில்லை. ஏறாவூரில் மருத்துவிச்சி ஹவ்வா உம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் பறந்துகொண்டிருந்தான். அவன் மனைவி பரீனாவுக்குக் காலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. அதைத் திருப்பத் தெரிந்தது அந்தப் பக்கத்தில் இந்த மனுசி ஒருத்திக்குத்தான்.

கார் அவன் பட்டறைக்குத் திருத்த வந்தது. சொந்தக்காரரைக் கேட்காமலே எடுத்து வந்திருந்தான். கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடந்து, சுவிச்சைத் திருப்பினால் மஞ்சள் வெளிச்சத்தோடு வெளியே நீளும் அந்தக் கைகாட்டியில்தான் கோளாறு. களிம்பு பிடித்த முனைகளைச் சுரண்டினான், தோலுரிந்த வயருக்கு நாடா சுற்றினான், கடைசியில் பெட்டறியிலிருந்து வரும் வயரையே பிடுங்கிவிட்டான். வயர்வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று திரிகிறவன் வேறென்ன செய்வான்?

மஃரிப் நேரத்து அந்தி வெளிச்சம் வாவியில் மங்கிக்கொண்டிருந்தது. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கைகாட்டி மறுபடி நீண்டது. டக். முதல் தடவைபோலவே காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. நனைந்த சேலை வாடையும் அழுகிய பாசி நாற்றமும் அவன் பிடரியருகே வந்து நின்றன.

"மனே, இன்னும் எத்தின பேர ஏத்தப்போறாய்? எனக்கு நெருக்குது," என்றாள் ஹவ்வா உம்மா.

அந்த ரோட்டில் இடப்பக்கம் கை காட்டினால் ஆள் ஏற்றும் வாகனம் என்று அர்த்தம். நிற்கிறவர்கள் ஏறிக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை. ஆனால் அவன் எங்கேயும் நிறுத்தவே இல்லையே.

"ஆரு மாமி?" கண்ணாடியைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"பொம்புளயள்தான். நனைஞ்சி போய் இரிக்காளுகள். கேட்டா பேசுறாளுகளும் இல்ல."

டக். கார் தாழ்ந்தது. டக். இன்னும் தாழ்ந்தது. பின்சில்லின் டயர் மேல்தகரத்தில் உரசியது.

"மாமி?"

ஈரத்துணி ஒதுங்கும் சத்தம் மட்டும்.

நிறுத்தினால் பரீனா செத்துப்போவாள். மிதித்தான்.

வீட்டு வாசலில் குதித்து இறங்கினான். சுற்றி வருவதற்குள், ஒவ்வொரு ஆளாக இறங்குவதுபோல், கார் நாலு தடவை நிமிர்ந்தது. பின்கதவை இழுத்தான். ஹவ்வா உம்மா மூலையில் நசுங்கிக் கிடந்தாள். வாய் நிறைய வாவிச் சேறு. பக்கத்தில் யாருமில்லை. மணலில் ஈரக் காலடிகள். நாலு சோடி. படியேறி உள்ளே போயிருந்தன.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டுக்கொண்டது.

பரீனாவின் குரல் கேட்டது. அழுது களைத்த குரலில் இப்போதுதான் ஒரு நிம்மதி.

"வந்திட்டீங்களா மாமி... கை ஏன் இப்பிடிக் குளிருது?"