போய்ச் சேர்ந்த லிங்க்

ஸ்டோர் ரூமின் பெயர் சாய்ந்திருந்தது.

திரையின் இடது ஓரத்தில் ஹால், சமையலறை, படுக்கையறை, பாப்பா ரூம், ஆபீஸ் ரூம், ஸ்டோர் ரூம் என்று வீட்டின் அறைகளெல்லாம் லிங்க்குகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அவள் திறந்து வைத்திருந்தது ஹாலின் பக்கம். ஆகவே ஹால் என்ற எழுத்து மட்டும்தான் சாய்ந்திருக்க வேண்டும். ஸ்டோர் ரூமுக்கு என்ன கேடு? சமையலறையை அழுத்திப் பார்த்தாள். சமையலறை சாய்ந்தது, ஹால் நிமிர்ந்தது, ஸ்டோர் ரூம் மட்டும் சாய்ந்தபடியே இருந்தது.

செயலி கட்ட அவர்கள் பயன்படுத்தும் ஜாவா ஃபிரேம்வொர்க்கின் குணம் அது. நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்களோ, அந்தப் பக்கத்துக்கான லிங்க்கை அதுவே செயலிழக்கச் செய்து எழுத்தைச் சாய்த்துவிடும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இருக்கிற இடத்துக்கே எவனாவது வழி கேட்பானா? அப்படிப்பட்ட லிங்க்குகளுக்கு அவள் கணவன் 'போய்ச் சேர்ந்தது' என்று பெயர் வைத்திருந்தான். "ஹால் போய்ச் சேந்துடுச்சு, சமையலறை இன்னும் உசுரோட இருக்கு" என்பான். கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள்தான் அவள். இப்போது சிரிப்பு வருவதில்லை என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

வீட்டு விளக்கு, விசிறி, பூட்டு எல்லாவற்றையும் பிரவுசரிலிருந்தே பார்த்துக்கொள்ளும் செயலி அது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர் நடத்தும் கம்பெனி. சோதனைக்குச் சொந்த வீடே பலிகடா. உள்ளே ஓடுவதெல்லாம் அவன் எழுதியது, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவள் எழுதியது. அன்று காலை அவனே டீ போட்டுக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு இந்த வேலையைச் சொன்னான்.

"அந்தச் சாய்வு நல்லாவே இல்ல. செத்த லிங்க்கும் உசுரோட இருக்கறதும் ஒரே மாதிரி தெரியணும். பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியக்கூடாது."

"அப்புறம் எது செத்ததுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"கண்டுபிடிக்க வேணாம்னுதானே சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒரு மாதமாக அவன் இப்படித்தான், தேன் ஒழுகப் பேசுகிறான். போன மாதம் அவனுடைய திருட்டுத்தனம் கையும் களவுமாகப் பிடிபட்டது. ராத்திரியெல்லாம் மாடியில் நின்று யாரோ ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். யாரடா அவள் என்று கேட்டதற்கு, "அவளும் உன்ன மாதிரியேதான். ஆனா சண்டை போடமாட்டா, நான் பேசினா சிரிப்பா" என்றான். வெட்கம் கெட்டவன். பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாப்பாவை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவளின் காலைப் பிடித்து அழுதான். "நீ எங்க வேணா போ. பாப்பாவ மட்டும் விட்டுட்டுப் போ." பாப்பாவை விட்டுவிட்டு அவள் எங்கே போவது? அந்த ஒரு உயிருக்காகத்தான் பெட்டியைப் பிரித்தாள். இந்தச் செயலி விற்று முடியட்டும், கையில் ஏதாவது வரட்டும், பாப்பாவோடு வாசலைத் தாண்டிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நல்ல மழை. ஆபீஸ் ரூமின் ஜன்னல் தகரத்தில் அது தடதடவென்று விழுந்து, கம்பி வழியாக வழிந்து, சுவரோரம் இருந்த ஒயர்களின் மேல் சாரலாகத் தெறித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவன் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அவள் தன் கணக்கிலிருந்து வெளியேறி, அவன் பெயரில் உள்ளே போனாள். ஹாலைத் திறந்தால் ஹால் மட்டும் சாய்ந்தது. பாப்பாவின் பெயரில் போனாள், அதிலும் கோளாறு இல்லை. திரும்பத் தன் பெயரில் வந்தாள். ஸ்டோர் ரூம் சாய்ந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சரி, அவளை மட்டும் ஸ்டோர் ரூமில் இருப்பதாக அது நினைக்கிறது.

"என்னங்க, ஸ்டோர் ரூம் லிங்க் சாஞ்சே இருக்கு. என் பேர்ல வந்தா மட்டும். நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

அவன் விரல்கள் நின்றன. தலையைத் திருப்பவில்லை.

"உன் வேலைய முடி. அப்புறம் தெரியாது."

சரியாகிவிடும் என்று அவன் சொல்லவில்லை. தெரியாது என்றான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் அமுங்கி வந்தது. காதில் குளிர் அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டீயை எடுத்துக் குடித்தாள். டீயின் வாசனை இல்லை. அதற்குப் பதிலாக அந்துருண்டை வாசனை வந்தது, ஈரம் பட்ட அட்டைப்பெட்டியின் புழுங்கல் வாசனை வந்தது, நாள்கணக்கில் திறக்காத அறையின் காற்று மூக்கின் அடிவரை போய் உட்கார்ந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் கேட்கவில்லை. விசைப்பலகையில் விரலை வைத்தபோது தூசி ஒட்டியது. காலையில்தான் துடைத்திருந்தாள், அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சீ, என்ன இது, பகல் வேளையில் பேய்க்கதை. வேலையை முடித்துத் தொலைப்போம் என்று நிரல் இருந்த ஃபைலைத் திறந்தாள். பெரிய வேலை ஒன்றுமில்லை. செத்த லிங்க்குக்கு முன்னால் என்ன வரவேண்டும், பின்னால் என்ன வரவேண்டும் என்று ஃபிரேம்வொர்க் கேட்கும். முன்னால் சாய்வைத் தொடங்கும் குறி, பின்னால் அதை முடிக்கும் குறி. இரண்டு இடத்திலும் வெறுமையை வைத்துவிட்டால் போதும். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. இரண்டே வரி. அவள் கையாலேயே எழுதினாள், சேமித்தாள், செயலியை மறுபடி ஓடவிட்டாள்.

எல்லா எழுத்தும் நிமிர்ந்து நின்றது. ஆறு அறைகளும் ஒன்றுபோல் இருந்தன. அப்பாடா என்றிருந்தது.

ஹாலை அழுத்தினாள். திறக்கவில்லை.

சமையலறை. திறக்கவில்லை. பாப்பா ரூம். அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பாவி, சொல்ல முடியாதபடி செய்தவளே அவள்தான்.

மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னல் இல்லை. வலது கைப்பக்கம் அவன் நாற்காலி இருந்த இடத்தைத் தடவினாள். அட்டைப்பெட்டி. அதன்மேல் இன்னொன்று. திரையின் வெளிச்சம் மங்கி, ஒரு நூலாகி, அணைந்தது.

இருட்டு. அந்துருண்டை. இரண்டு பக்கமும் சுவர்.

தட்டுத்தடுமாறி எழுந்தாள். கதவு இருந்தது. கைப்பிடி இல்லை. கதவின் அடியில் விரல் கனத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஹாலின் தரை தெரிந்தது. அவன் கால்கள் தெரிந்தன.

"முடிச்சிட்டியா?" என்றான் அவன்.

பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"முடிச்சிட்டேங்க," என்றது அவள் குரல். ஹாலிலிருந்து. அதே குரல், அதே இழுப்பு. "எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சு. ஹால் போய்ச் சேந்துடுச்சா, உசுரோட இருக்கான்னு இனிமே நீங்களே சொல்ல முடியாது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், விழுந்து விழுந்து, கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பை. அவன் கால்களுக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. இடது கட்டைவிரலில் பிரசவத்துக்கு முந்தின வாரம் கதவில் நசுங்கி, அன்றிலிருந்து கறுப்பு மாறாத நகம். அவளுடைய நகம்.

துரோகி. ஒரு மாதமாகக் காலைப் பிடித்ததும் டீ போட்டதும் இதற்குத்தானா? கத்தினாள். கதவைக் குத்தினாள். முஷ்டியில் வலித்தது, சத்தம் பாதிதான் வந்தது.

"என்னவோ சத்தம்," என்றது அவள் குரல்.

"மழை," என்றான் அவன்.

வாசலில் ஸ்கூல் வேன் வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. சின்ன ஷூக்கள் ஓடிவந்தன. கறுத்த நகம் கொண்ட கால்கள் எதிரே போய்க் குனிந்து, ஷூவைக் கழற்றி, ஈரத் தலையைத் துவட்டிவிடுவது நிழலாகத் தெரிந்தது.

"பாப்பா! அம்மாடி! அம்மா இங்க இருக்கேன்டி!"

பெரிய கால்கள் நான்கும் சமையலறைப் பக்கம் நகர்ந்தன. சின்னக் கால்கள் நின்றன. மெல்ல மெல்லக் கதவை நோக்கி வந்தன. கேட்டுவிட்டாள். தங்கம், என் தங்கம், கேட்டுவிட்டாள்.

"கண்ணு, அப்பாகிட்ட சொல்லாத. கதவத் திறக்கச் சொல்லி பக்கத்து வீட்டு ஆன்ட்டிய கூப்பிடு. ஓடு."

பாப்பா தரையில் குப்புறப் படுத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கண் தெரிந்தது. பிரியமான, ஈரமான, பழகிய கண்.

"கத்தாதீங்க," என்றாள் பாப்பா, ரகசியமாக. "எங்கம்மாவுக்குக் கேட்டுடும்."

பேச ஆரம்பித்த நாளிலிருந்து பாப்பா அவளை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறாள். வெளியாட்களிடம் மட்டும்தான் 'நீங்க'.

"நான்தான்டி உங்கம்மா. பாரு. என்னப் பாரு."

"தெரியும். அப்பா சொன்னாங்க. கொஞ்ச நாள் கூப்பிடுவீங்களாம். அப்புறம் கூப்பிட மாட்டீங்களாம்."

கண் விலகியது. ஏதோ துணி தரையில் இழுபடும் சத்தம். கதவின் ஓரத்தில் வெளிச்சம் அடைபட்டது. சின்னச் சின்ன விரல்கள் துண்டை மடித்து, இடைவெளியில் திணித்து, அழுத்தி, அடுத்த இடத்துக்கு நகர்ந்தன. அவள் கையை நீட்டினாள். ஒரு விரல் நுனி கிடைத்தது. பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. பாப்பா அதை இழுக்கவில்லை, பதறவில்லை. இன்னொரு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே தள்ளிவிட்டு, மிச்சமிருந்த வெளிச்சக் கோட்டையும் துணியால் அடைத்தாள்.